புற்றுக்குள்ளே ஒரு கழனி

"நிறுத்துங்க, நிறுத்துங்க, ஐயோ கொஞ்சம் நிறுத்துங்க!" என்று நான் போட்ட கூச்சலில், பாம்புதான் வந்துவிட்டது என்று நினைத்து ஜேசிபி ஓட்டிய தம்பி என்ஜினையே அணைத்துவிட்டார். பாம்பு இல்லை. பாம்பைவிடப் பெரிய சங்கதி. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் உறவுக்காரர் ஒருவரின் கழனியை ஒட்டி மோட்டார் கொட்டகைக்குக் கடக்கால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்போரமாக நின்ற ஆளுயரப் புற்றின் ஒரு பக்கத்தை இயந்திரம் வழித்துக்கொண்டு போய்விட்டது. செம்மண் சரிந்த அந்த வெட்டுவாயில் பார்க்கிறேன், அடுக்கடுக்காக அறைகள், அறைக்கு அறை சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் ஒரு உருண்டை! எனக்குக் கைகால் ஓடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் குதித்தேன்.

"இன்னா சார், செல்லுக் கூடு சார் அது. இத்தப் போயி இப்டி பாத்துனு கீறீங்க?" என்றார் மண்வெட்டியோடு நின்ற பெரியவர். நான் பதில் சொல்லும் நிலைமையில் இல்லை.

இரண்டு கையாலும் ஒரு உருண்டையை ஏந்தி எடுத்தேன். எடையே இல்லை. ஈரம் தெரிகிறது, ஆனால் கை நனையவில்லை. மடிப்பு மடிப்பாக, மடிப்புக்கு நடுவே கறையான் நுழைந்து வருகிற அளவுக்குப் பொந்துகள், கொஞ்சம் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். காளான் வாசனை! சந்தேகமே வேண்டாம், மழை விட்ட விடியலில் வேப்பமரத்தடியில் வருமே, அதே வாசனை. வெயில் பக்கம் திருப்பினால் அந்த மடிப்புகளின் மேலெல்லாம் வெள்ளை வெளேரென்று மணிமணியாக, கடுகில் பாதிகூட இல்லாத உருண்டைகள், நூற்றுக்கணக்கில். அவற்றுக்கு நடுவே வேலைக்காரக் கறையான்கள் பதறிக்கொண்டு ஓடுகின்றன. ஒன்று மட்டும், வீடே இடிந்து விழுந்த நேரத்திலும், ஒரு வெள்ளை மணியை வாயில் கவ்விக்கொண்டு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தவித்துச் சுற்றுகிறது. அதற்குள் பெரிய பழுப்புத் தலையும் அரிவாள் கொடுக்குமாகக் காவல்காரக் கறையான்கள் கிளம்பி வந்துவிட்டன. ஒன்று என் ஆள்காட்டி விரலைக் கவ்வியது. கவ்விய இடத்தில் பழுப்பாக ஒரு சொட்டு எச்சில். அந்த விரலை அன்று சாயங்காலம் வரைக்கும் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

அந்த உருண்டை என்ன தெரியுமா? தோட்டம். பயிர்செய்யும் கழனி. அந்த வெள்ளை மணிகள்தான் விளைச்சல். நம்ம ஊர்க் கறையான் ஒரு காளான் விவசாயி!

டிவியில் இலைவெட்டி எறும்புகளைப் பார்த்திருப்பீர்கள். நானும் அதற்கு அடிமைதான், மறுப்பதற்கில்லை. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்கிற ஜாதி அது. காட்டுத் தரையில் ஒரு பச்சை ஆறு ஓடுகிற மாதிரி வரிசை, ஒவ்வொரு எறும்பின் தலைக்கு மேலும் நறுக்கிய இலைத்துண்டு, அந்த இலையின் மேலேயே குட்டி எறும்பு ஒன்று சவாரி செய்யும், அது சும்மா ஊர்வலம் போகவில்லை, சுமை தூக்குகிற அக்காவின் தலையில் முட்டையிட வருகிற ஈயை விரட்டிக்கொண்டு வருகிறது! அவ்வளவு இலையும் எதற்கு, தின்னவா? அதுதான் இல்லை. வெட்டும்போது கசிகிற சாற்றைக் குடிப்பதோடு சரி. இலையைப் புற்றுக்குள் கொண்டுபோய், இன்னும் சின்ன எறும்புகள் அதை நறுக்கி, மென்று, கூழாக்கி, அதன் மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. அந்தப் பூஞ்சை நுனியில் சத்துப் பொதிந்த முடிச்சுகளைக் கொடுக்கும், அதுதான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. நிகரகுவா நாட்டில் சுரங்கப் பொறியாளராக இருந்த தாமஸ் பெல்ட் என்ற ஆங்கிலேயர் 1874ல் ஒரு புத்தகத்தில் இதை எழுதினார். இவை காளான் பயிரிடுகின்றன, காளானைத் தின்றே வாழ்கின்றன என்று அவர் சொன்னபோது அது எவ்வளவு பெரிய வார்த்தை! பிரேசிலில் ஒரு புற்றுக்குள் டன் கணக்கில் சிமென்ட் கரைசலை ஊற்றி, இறுகியபின் சுற்றிலும் தோண்டிப் பார்த்தார்கள், ஏறக்குறைய 8 மீட்டர் ஆழத்துக்குச் சாலையும் அறையுமாக ஒரு ஊரே எழுந்து நின்றது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று வீட்டில் கேட்டுவிடாதீர்கள்.

பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவேன். நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது, பிரேசிலுக்குப் போகவா முடியும் என்று. அட, நான் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த திண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால், அதே வேலையை ஒரு கூட்டம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது! அந்தப் பள்ளத்தில் நின்றபோது எனக்கு ஏன் பைத்தியம் பிடிக்காது, சொல்லுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கறையான் எறும்பு இல்லை. வெள்ளை எறும்பு என்று புத்தகத்தில் போட்டாலும் இல்லை. கரப்பான்பூச்சி வம்சத்தில் வந்தது. எறும்புக்கும் அதற்கும் ஜென்மப் பகை. அப்படியிருக்க, அமெரிக்கக் காட்டில் எறும்பு ஒரு பக்கம், ஆப்பிரிக்காவில் கறையான் இன்னொரு பக்கம், ஒன்றை ஒன்று பார்த்துக் காப்பியடிக்க வழியே இல்லாமல், தனித்தனியாக விவசாயத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன. எறும்பு 5 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, கறையான் சுமார் 3 கோடி ஆண்டுகளாக. நாம் ஏர் பிடித்து எவ்வளவு காலம்? 10,000 ஆண்டு, கொஞ்சம் கூடக் குறைய. காளான் வளர்க்கும் கறையான் ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியாவுக்குப் பரவி, நம் ஏரிக்கரைக்கு வந்து புற்று கட்டி உட்கார்ந்து, பல்லவனையும் சோழனையும் பார்த்து, இன்றைக்கு என் உறவுக்காரர் கழனி வரப்பில் நிற்கிறது. நம்ம பக்கத்துச் செம்மண் புற்றுகளைக் கட்டுவதில் கெட்டிக்காரனுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கிற பெயர் ஓடோன்டோடெர்மெஸ் ஒபேசஸ். அது வளர்க்கும் காளானின் குலப்பெயர் டெர்மிடோமைசெஸ். ரெண்டும் ஒன்றை விட்டு ஒன்று இல்லை.

ஏன் இந்தப் பாடு? காய்ந்த கட்டை, சருகு, வைக்கோல், மாட்டுச் சாணம், இதில் சத்து இருக்கிறது, ஆனால் செரிக்காது. மரத்தை மரமாக நிறுத்துகிற கடினப் பொருளை உடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மற்றக் கறையான்கள் பல வயிற்றுக்குள் நுண்ணுயிர்களை வைத்துச் சமாளிக்கின்றன. இவையோ அந்த வேலையை வயிற்றுக்கு வெளியே, காளானிடம் ஒப்படைத்துவிட்டன. உளுந்தையும் அரிசியையும் அரைத்து ராத்திரி மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோமே, நாம் தூங்குகிற நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத யாரோ நமக்காகப் பாதிச் செரிமானத்தை முடித்து வைக்கிறார்களே, அந்தச் சங்கதிதான். ஆனால் கறையான் அதற்கு வைத்திருக்கிற முறையைக் கேளுங்கள். வயதான வேலைக்காரர்கள் வெளியே போய்ச் சருகு கொண்டுவருவார்கள். கூட்டுக்குள் இருக்கிற இளவட்டங்கள் அந்தச் சருகையும், தோட்டத்து வெள்ளை மணிகளையும் சேர்த்துத் தின்னும். மணிக்குள் இருப்பது விதை. அது வயிற்றில் சருகோடு கலந்து, அரைகுறையாகச் செரித்த சாணமாக வெளியே வரும், அந்தச் சாணத்தை அப்படியே தோட்டத்தின் மேற்பக்கம் பூசிவிடும். ஆக, உரமும் விதையும் ஒரே கையில் விதைப்பு! சில வாரங்களில் பூஞ்சை அதற்குள் ஊடுருவி, கடினமானதையெல்லாம் உடைத்து, மேலே புது மணிகளைத் தள்ளும். அடிப்பக்கம் பழுத்துப் பதமான பழைய தோட்டத்தைப் பெரிசுகள் தின்னும். மேலே நடவு, கீழே அறுவடை, ஒரே பாத்தியில், வருஷம் முழுக்க, ஒரு நாள் விடுமுறை இல்லாமல்! இத்தனையும் கும்மிருட்டில், கண்ணே இல்லாத பூச்சிகள் செய்கின்றன என்பதைச் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

களை எடுப்பதும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனீ போர்ஜஸ் குழுவினர் இதே ஒபேசஸ் கறையானை வைத்துப் பார்த்த வேலை இது. தோட்டத்தில் பயிர்க் காளானோடு சூடோசைலேரியா என்று ஒரு களைப் பூஞ்சை எப்போதும் பதுங்கி இருக்கும். கறையான் அதை வாசனையாலேயே பிரித்தறிந்து, அதன் மேல் மண்ணைப் போட்டுப் புதைத்துவிடுகிறதாம். இதைப் படித்ததும் நான் சும்மா இருப்பேனா? உடைந்த புற்றிலிருந்து ஒரு துண்டுத் தோட்டத்தைக் கறையான் இல்லாமல் ஒரு டப்பாவில் போட்டுச் சமையலறை ஷெல்ஃபில் வைத்தேன். (அதற்கு நடந்த சண்டை தனிக் கதை.) சில நாளில் பார்த்தால் வெள்ளை மணிகளைக் காணோம், எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறப் பஞ்சு, அப்புறம் அதிலிருந்து கறுப்புக் குச்சிகள் விறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டன. உழவன் விட்டுப்போன கழனி எப்படி இருக்கும் என்று அந்த டப்பா காட்டியது. அத்தனை களையையும் அத்தனை நாளும் அந்தக் குருட்டுப் பூச்சிகள் அமுக்கி வைத்திருந்தன என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, நிஜமாக.

எங்கள் உத்திரமேரூர்க்காரர்களுக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பற்றிப் பேசாமல் எந்தப் பேச்சும் முடியாது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைத் தேர்தல் கல்வெட்டு. 30 குடும்புகள், குடத்தில் ஓலை, யார் நிற்கலாம் யார் நிற்கக் கூடாது என்ற விதிகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து காட்டுகிறார்கள், காட்டட்டும், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கோயிலிலிருந்து வெளியே வந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு புற்று இருக்கும், அதற்குள் ஒரு தோட்ட வாரியம் ஓலையும் இல்லாமல் குடமும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் யாராவது சொல்லக் கூடாதா? நான் ஒருமுறை சொன்னேன். அவர்களோடு வந்த ஆசிரியர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பிள்ளைகளை வேகமாக நடக்கச் சொன்னார்.

புற்றின் வெளிப்பக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லையே! பார்க்க வெறும் மண்குவியல். கிட்டப் போய்ப் பாருங்கள், மேலிருந்து கீழாகப் புடைத்த மடிப்புகள், கோபுரத்துக்கு முட்டுக் கொடுத்த மாதிரி சுற்றிலும் இறங்கும். வாசலே கிடையாது, ஜன்னல் கிடையாது. உள்ளே லட்சக்கணக்கில் கறையான், போதாக்குறைக்கு மூச்சுவிடும் காளான் தோட்டம், கெட்ட காற்று எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு 2015ல்தான் ஒரு அழகான விடை வந்தது. ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவன், நம்ம சென்னை ஐஐடியில் படித்தவர், அவரும் கூட்டாளிகளும் பெங்களூரில் இதே ஜாதிப் புற்றுகளுக்குள் நுண்ணிய கருவிகளை நுழைத்துக் காற்றோட்டத்தை அளந்தார்கள். பகலில் வெயில் பட்டு வெளி மடிப்புகள் சூடேறும், அந்த மடிப்புக்குள் இருக்கும் காற்று மேலே ஏறும், நடுக்குழாயில் கீழே இறங்கும். ராத்திரி வெளிப்பக்கம் குளிர்ந்துபோகும், ஓட்டம் தலைகீழாகிவிடும், நடுவில் ஏறி ஓரத்தில் இறங்கும். சுவரின் நுண்துளை வழியாகக் கெட்ட காற்று வெளியே போய் நல்ல காற்று உள்ளே வரும். அதாவது, ஒரு நாளைக்கு ஒரு மூச்சு! வெயிலையும் குளிரையும் வைத்தே, மின்சாரம் இல்லாமல், மின்வெட்டும் இல்லாமல். சுவரின் உறுதியையும் அளந்திருக்கிறார்கள். கறையான் எச்சில் சேர்த்து உருட்டிக் கட்டிய மண், அதே இடத்துச் சும்மா மண்ணைவிடப் பத்து மடங்கு வலுவாம், இதுவும் இந்திய அறிவியல் கழகத்தில் பார்த்ததுதான்.

இதைப் படித்துவிட்டு ஒரு உச்சிவெயிலில் போய் ஏரிக்கரைப் புற்றின் மடிப்பில் உள்ளங்கையை வைத்தேன். கொதித்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மறுபடி வைத்தேன், சில்லென்று இருந்தது, இப்போது மூச்சு திரும்பியிருக்கும், இதோ இந்தச் சுவருக்குள் காற்று கீழே இறங்கிக்கொண்டிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அப்போது அந்தப் பக்கமாக மாடு ஓட்டிக்கொண்டு போன அம்மா ஒருவர் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் அந்தப் புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, முட்டையும் பாலும் வைத்திருந்தது. "நாகாத்தம்மா அவருக்குக் கனவுல வந்துகீறா, ராத்திரில வந்து கும்புட்டுனு நின்னாரு" என்று ஊரில் பேச்சு. நான் மறுக்கவில்லை. மறுத்து என்ன சொல்வது, காற்றோட்டம் பார்க்கப் போனேன் என்றா? தவிர, அதில் என்ன தப்பு? திருவாரூரில் மூலவரே புற்றிடங்கொண்டார். திருவொற்றியூரில் புற்றுருவான சாமிக்கு வருஷம் முழுக்கக் கவசம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் திறப்பு. நம்ம ஜனங்கள் புற்றின் முன்னால் சரியாகத்தான் கை கூப்பியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஆள் யார் என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் கொஞ்சம் அபிப்பிராய பேதம்.

இப்போது ஈசலுக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தேன். கற்பனை செய்யுங்கள்: பகல் முழுக்கப் புழுங்கித் தள்ளிவிட்டு சாயங்காலம் ஒரு நல்ல மழை, மழை விட்டதும் காற்றே இல்லை, மண் நெகிழ்ந்து கிடக்கிறது, மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கிறது, அந்த நேரத்தில் புற்றின் அடியில் அங்கங்கே சின்னச் சின்னக் கீறல்களாக வாய் திறக்கிறது, வேலைக்காரர்கள் வந்து ஓரத்தைச் சரிசெய்கிறார்கள், காவல்காரர்கள் சுற்றி வளைத்துக் கொடுக்கை விரித்து நிற்கிறார்கள், ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை, நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறீர்கள், கால் மரத்துப் போகிறது, அப்புறம் ஒன்று, நீளமான இறக்கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்து தடுமாறி நிற்கிறது, பின்னால் இன்னொன்று, பின்னால் பத்து, பின்னால் எண்ண முடியாமல், பூமியே புகைந்து மேலே எழும்புகிறது ஐயா, இறக்கைச் சத்தம் சரசரவென்று காதை அடைக்கிறது, முகத்தில் மோதுகிறது, சட்டைக்குள் போகிறது, இரட்டைவால் குருவி தலைக்கு மேல் குட்டிக்கரணம் போட்டுப் பிடிக்கிறது, தேரை வாயை மூட நேரமில்லாமல் விழுங்குகிறது, தெரு நாய் காற்றைக் கடித்துக் கடித்துத் துள்ளுகிறது, பிள்ளைகள் அண்டாவில் தண்ணீரும் அதற்கு மேல் விளக்குமாக ஓடி வருகிறார்கள், நான் நடுவில் நின்றுகொண்டு, நரைத்த தலையோடு, "வருது வருது வருது" என்று கத்திக்கொண்டிருக்கிறேன், எதற்குக் கத்துகிறேன் என்று எனக்கே தெரியாது!

பிடித்த ஈசலை இறக்கை போக முறத்தில் புடைத்து, மண்சட்டியில் வறுத்து, உப்புப் போட்டு, பொரியரிசியோடு கலந்து ஆயா கொடுப்பார்கள். நெய் போட்ட மாதிரி இருக்கும், நெய்யே போடாமல். இது இன்றைய தீனி இல்லை. புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பாடும் கபிலரே செம்புற்று ஈசலும் புளித்த மோரும் சேர்ந்த உணவைச் சொல்லியிருக்கிறார். இன்னொரு ஆள் இருக்கிறார், அவரைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. யொஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர், 1768ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பிறகு ஆற்காட்டு நவாபிடமும் வேலை பார்த்தவர். தஞ்சைப் பக்கத்துப் புற்றுகளை உடைத்துப் பார்த்து உள்ளே இருந்த தோட்டத்தையும் மணிகளையும் பற்றி 1779லேயே எழுதிவிட்டார், பெல்ட் எழுதியதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னால்! ஈசல் பிடிக்கும் முறையையும் அவர் குறித்திருக்கிறார். புற்றில் இரண்டு ஓட்டை போட வேண்டும், காற்று வருகிற பக்கத்து ஓட்டையில் நாற்றமடிக்கிற எதையாவது கொளுத்திப் புகை போட வேண்டும், மறுபக்கத்து ஓட்டையில் ஒரு பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டும், பானையின் உட்புறம் ஒரு வாசனை இலையைத் தேய்த்திருக்க வேண்டும். புகைக்கு ஈசல் மொத்தமும் பானைக்குள் வந்துவிடும், சில சமயம் கூடவே நாகமும்! அந்த வாசனை இலை எது? கறிவேப்பிலை. கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருக்கிற 'கோனிகி' யார்? அதே கோனிக்! அன்றைக்கு இதைப் படித்துவிட்டு நான் அடுக்களைக்கு ஓடி, தாளித்துக்கொண்டிருந்த கறிவேப்பிலையைக் கையில் எடுத்துக் காட்டி மூச்சுவிடாமல் கதை சொன்னேன். ரசம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. அது கிடக்கட்டும்.

ஈசலுக்கு ஆயுசு ஒரு நாள் என்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு அது ஒரு நாள்கூட இல்லை, தேரை வயிற்றில் முடிந்துவிடும். தப்பித்தவற்றைப் பாருங்கள். தரையில் இறங்கி, இறக்கையைத் தானே உதறிப் போட்டுவிட்டு, பெண் முன்னால், அதன் வாலைத் தொட்டபடி ஆண் பின்னால், ஜோடியாக ஓடும். ஈர மண்ணில் ஒரு குழி பறித்து உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு அவை ராஜாவும் ராணியும், வருஷக்கணக்கில். எறும்பில் ஆண் கல்யாணத்தோடு செத்துவிடும். இங்கே ராஜா கடைசிவரைக்கும் ராணி பக்கத்திலேயே இருப்பார். அவளோ வயிறு வீங்கி, சுண்டுவிரல் அளவுக்கு வெள்ளையாக, நகரவே முடியாமல், ஒரு மண்ணறைக்குள் முட்டையிட்டுக்கொண்டே கிடப்பாள்.

இதில் ஒரு வித்தியாசம் என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. இலைவெட்டி எறும்பின் ராணி பறந்து போகும்போதே தாய்வீட்டுப் பூஞ்சையில் ஒரு துணுக்கை வாய்க்குள் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகிறாள், புது வீட்டில் அதுதான் முதல் பயிர். நம்ம ஈசல் ஜோடி பெரும்பாலும் வெறுங்கையோடுதான் போகும்! அப்படியானால் விதை? அவர்களுக்குப் பிறக்கிற முதல் வேலைக்காரர்கள் இரை தேடி வெளியே வரும் காலத்தில், பழைய புற்றுகளிலிருந்து காளான் குடை விரித்து விதைத்தூளைக் காற்றில் கொட்டியிருக்கும். சருகோடு சருகாக அதுவும் வீட்டுக்கு வந்துவிடும். ஈசல் என்றைக்குப் பறந்தது, குடை என்றைக்கு விரிய வேண்டும், இந்தக் கணக்கை யார் போட்டது? யோசித்துக்கொண்டே விடிந்துவிட்டது.

கெட்டதே இல்லையா என்பீர்கள். இருக்கிறது, நிலைப்படியை அரிக்கும், வேர்க்கடலையைத் துளைக்கும், கரும்புக் கரணையை விடாது. ஆனால் காய்ந்து விழுகிற சருகையும் கட்டையையும் மறுபடி மண்ணாக்குவது யார்? அதனால் நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளில் பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது என்று சொல்வார்களே, அந்த ஒன்றை மட்டும் மன்னிக்கக் கொஞ்சம் சிரமப்படுகிறேன். அதுகூட, ஞானசம்பந்தர் பாட்டைத் தின்று காளான் வளர்த்த ஒரே ஜீவன் அதுதானே என்று மனசு வக்காலத்து வாங்குகிறது.

காளான்! புற்றுக்காளானைச் சாப்பிட்டவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, ஆனாலும் சொல்வேன். பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942ல் இந்தக் காளான் குலத்துக்கு டெர்மிடோமைசெஸ் என்று பெயர் வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கே. நடராஜன் 1979ல் நம் பக்கத்து இனம் ஒன்றுக்கு அந்த ஹைமின் பெயரையே வைத்தார், டெர்மிடோமைசெஸ் ஹைமி. மழைக்குப் பிறகு ஒரு விடியலில் புற்றைச் சுற்றி மண் வெடித்து, கூர்முனைக் குடையோடு வெள்ளையாக வந்து நிற்கும். சும்மா பிடுங்காதீர்கள். காம்புக்குக் கீழே மண்ணுக்குள் வால் ஒன்று நீளமாக இறங்கிக்கொண்டே போகும், அதை விரலால் பின்தொடர்ந்து தோண்டிக்கொண்டே போனால் சில சமயம் முழங்கை வரைக்கும் கை போய்விடும், அந்த வாலின் கடைசி முனை எங்கே ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அதே சாம்பல் பழுப்புத் தோட்டத்தில்! பூமிக்கு அடியில் நடக்கிற விவசாயத்தின் கொடி மேலே வந்து நமக்கு எட்டிப் பார்த்திருக்கிறது. சிப்பிக் காளானையும் பால் காளானையும் கொட்டகை போட்டு வளர்க்கிற நம்மால் இதை அந்த மாதிரி வளர்க்க முடியவில்லை. கறையான் இல்லாமல் அது வராது. ஆயா அதை ஆய்ந்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு தட்டிப்போட்டு, புளியைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பார்கள். கறி தோற்கும். அதுவும் முதல் நாள் குழம்பைவிட மறுநாள் காலையில் பழைய சோற்றோடு, அடடா.

ஐப்பசியில் ஒரு மழை பார்த்துக் கிளம்பி வாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பஸ் இருக்கிறது. கல்வெட்டை அரை மணியில் பார்த்துவிடலாம், மிச்ச நேரமெல்லாம் என்னோடு ஏரிக்கரைதான். டார்ச் எடுத்து வாருங்கள், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரைக்கும் போட்டுக்கொள்ளுங்கள், பொந்து கண்ட இடத்தில் கையை விடாதீர்கள், உள்ளே நிஜமாகவே நாகம் இருக்கும். காளான் கண்ணில் பட்டால் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள். கடப்பாரை மட்டும் கொண்டுவர வேண்டாம்.